வீடு கட்டுவோர் கவனத்திற்கு



சொந்த வீடு என்பது நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை நிறைவேறும் ஆசையாகும். அந்த ஒரு வீட்டிற்காகக் கணவர் சவூதியிலோ துபையிலோ தம் இளமையைக் கழிக்கிறார். மனைவி இங்கே பிள்ளைகளோடு காத்திருக்கிறார். இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கட்டும் வீட்டில் நமது கவனம் எங்கே செல்கிறது? முகப்பின் அழகிலும், தேக்கு நிலையிலும், தரையில் பதிக்கும் மார்பிளிலும்தான் செல்கிறது.

ஆனால், வீட்டைத் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலத்தின் உரிமை பத்திரத்திற்குள் இருக்கிறது. அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கிறது. கம்பி கான்கிரீட்டிற்குள் இருக்கிறது. இவற்றில் நேரும் குறையைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம். மார்பிளையோ வசதி வரும்போது பதித்துக்கொள்ளலாம்.

நிலம் யாருக்கு உரியது?

விலைக்கு வாங்கும் மனையாயின், மூலப்பத்திரங்களையும் குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பட்டா விற்பவர் பெயரில் உள்ளதா, வரைபடத்தின் அளவும் நேரில் அளந்த அளவும் ஒத்திருக்கின்றனவா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வரும்வரை, அத்தகைய மனை வைத்திருந்தோர் விற்க வழியின்றித் தவித்தனர்.

வாப்பா விட்டுச்சென்ற மனையாயின் வேறொரு கேள்வி எழுகிறது. அது கட்டுகின்ற மகனுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள் இருக்கும் நிலையில் மறைந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்றும், மகனின் பங்கில் பாதியளவு மகளுக்கு என்றும் அன்னிஸா அத்தியாயம் வகுத்துள்ளது. "ராத்தா ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்று நாமே முடிவு செய்துகொண்டு வானம் தோண்டிவிடுகிறோம். வீடு எழும்பிய பிறகு அந்த இடத்தை அளந்து பிரிக்க இயலாது. பங்கு கேட்கும் சகோதரி பகையாளியாகத் தெரிவார். ஆகவே உரியவர்களுக்கு உரியதைக் கொடுத்து, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

மண்ணும் நீரும்

கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர்களில் விரிசல் காணும். பக்கத்து வீட்டார் நான்கடி தோண்டினார் என்பதற்காக நாமும் நான்கடி தோண்டுவது அறிவுடைமை ஆகாது. பொறியாளரைக் கொண்டு மண்ணைச் சோதித்து, ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நீரும் மணலும் இன்னும் கூடுதல் கவனத்திற்குரியவை. உப்பு, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். எனவே கலவைக்கும், கட்டிய பின் நனைப்பதற்கும் நல்ல நீரையே பயன்படுத்துங்கள். கடல் மணலை அறவே தவிருங்கள்.

கூரைக்கு வழக்கமாகப் போடும் எம்-20 கலவையில், 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்பது இந்தியத் தர விதி. வேலை எளிதாக வேண்டுமென்று கூடுதலாக நீர் ஊற்றினால் வலிமை குறையும். கான்கிரீட் இறுகிய பிறகோ நிலைமை நேர்மாறானது. அப்போது அதனை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சாதாரண சிமெண்டிற்குக் குறைந்தது 7 நாட்களும், பி.பி.சி. சிமெண்டிற்குக் குறைந்தது 10 நாட்களும் தேவை. 14 நாட்கள் நனைப்பது நலம். இதற்குச் செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். அவசரப்பட்டு சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கவும் அனுமதிக்காதீர்கள்.

எழுத்தில் இருக்கட்டும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. அந்த நெறியைப் பின்பற்ற வேண்டிய நாமோ, பல லட்ச ரூபாய் வேலையை, "நம்ம ஆள்தானே" என்று வாய்ச்சொல்லில் ஒப்படைக்கிறோம்!

சதுர அடிக்கு இவ்வளவு என்றால், அதற்குள் எவை அடங்கும்? கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு, தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு ஆகியவை அதில் சேருமா? சிமெண்டும் கம்பியும் எந்தத் தரம்? இவற்றை எல்லாம் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு அதற்குரிய தொகையைக் கொடுங்கள். மேஸ்திரிக்கும் அதுவே பாதுகாப்பு. அவருடைய கூலியும் தாமதமாகாது.

இறுதியாக, கையிலுள்ள தொகையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மாடியைத் தாங்கும் அஸ்திவாரத்தை இப்போதே போட்டு, கீழ்த்தளத்தை மட்டும் முழுமையாக முடித்துக் குடியேறலாம். ஊர் மெச்சுவதற்காக இரு தளங்களை எழுப்பிவிட்டு, பாதியில் வட்டிக் கடனில் விழுந்தால், விடுமுறையில் வந்த கணவர் மீண்டும் விமானம் ஏற வேண்டியிருக்கும். குடும்பம் ஒன்றாக வாழ்வதற்காகக் கட்டிய வீடே குடும்பத்தைப் பிரித்துவிடும்.

பிறர் உரிமை கலவாத, கடன் சுமை இல்லாத, உறுதியான இல்லத்தில் நிம்மதியாக வாழும் பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.