முதுகில் ஒரு பால் பாக்கெட்: கிரிவலத்துக்குத் தண்ணீர்ப் பை எப்படி இயங்குகிறது?

ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் சாய்த்தால் பால் ஒரே சீராக இறங்கும். அதே பாலை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தால் குடுகுடுவென்று விட்டுவிட்டு விழும். வெளியேறும் பாலின் இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதுவும் அதே வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். பாலும் காற்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பால் குறையக் குறைய அதன் இரு பக்கமும் நெருங்கி ஒட்டிக்கொண்டே வரும். உள்ளே காற்று போக வேண்டிய அவசியமே எழாது.

மலையேறுபவர்களும் சைக்கிள்காரர்களும் நெடுந்தூரம் ஓடுபவர்களும் முதுகில் மாட்டிக்கொள்ளும் ‘ஹைட்ரேஷன் பேக்’ முழுக்க முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இயங்குகிறது. ஒன்றரை, இரண்டு அல்லது மூன்று லிட்டர் பிடிக்கும் மெல்லிய பை, அதன் அடியிலிருந்து கிளம்பித் தோளுக்கு மேல் வரும் ஒரு குழாய், குழாயின் நுனியில் பல்லால் கடித்துத் திறக்கும் சிலிக்கான் வால்வு. இவ்வளவுதான் கருவி. மோட்டார் இல்லை, பம்பு இல்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவர்களுக்கு, அதிலும் பௌர்ணமி அல்லாத நாளில் வெயிலோடு நடக்கிறவர்களுக்கு, இது நல்ல துணை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் துணை. தெரியாவிட்டால் முதுகு நனையும், தண்ணீர் நாறும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். காலிப் பால் பாக்கெட்டைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, வெட்டிய மூலையில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டுங்கள். பாக்கெட்டை மேசையில் கிடத்திவிட்டு ஸ்ட்ராவை உறிஞ்சுங்கள். கடைசி மடக்கு வரை தண்ணீர் வரும், பாக்கெட் தட்டையாகிவிடும். இப்போது அதே ஸ்ட்ராவை, தண்ணீர் நிரப்பிய, நசுங்காத ஒரு கெட்டிப் பாட்டிலின் மூடியில் துளையிட்டுச் செருகி, சுற்றிலும் மெழுகால் அடைத்து உறிஞ்சிப் பாருங்கள். சில மடக்கோடு நின்றுவிடும். எவ்வளவு இழுத்தாலும் வராது. பாட்டிலுக்குள் காற்று நுழைய வழியில்லாததால் உள்ளே அழுத்தம் குறைந்துபோய், உங்கள் வாயோடு அது மல்லுக்கு நிற்கிறது. பையோ விட்டுக்கொடுத்துச் சுருங்குகிறது.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பால் பாக்கெட்டைச் சாய்த்தால் பால் கீழே விழுகிறது. முதுகுப் பையில் தண்ணீர் மேலே ஏற வேண்டும். பை நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டத்துக்கும் உதட்டுக்கும் இடையே ஒரு சாண் அல்லது சற்று மேல் இருக்கும். தீரும் தறுவாயில் அது 60 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். நாம் உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்று பையை நாலாபுறமும் அமுக்கித் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றழுத்தம் சுமார் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் பலம் உள்ளது. அதில் 60 சென்டிமீட்டர் என்பது நூற்றுக்கு ஆறு பங்கு. குழந்தைகூட உறிஞ்சிவிடும். முன்பெல்லாம் பேருந்து நிலையத்தில் தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து உறிஞ்சினோமே, அதுவும் இதே கணக்குதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில் அந்தப் பாக்கெட்டும் உண்டு. ஒரே பையைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டு நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கருவி பிறந்த கதையும் வெயிலின் கதைதான். 1988-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், விச்சிட்டா ஃபால்ஸ் நகரத்தில், ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்கு மைக்கேல் ஐட்சன் என்பவர் போனார். அவசர மருத்துவ உதவியாளர். குளுக்கோஸ் ஏற்றும் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் திணித்து, சட்டை முதுகில் வைத்துக்கொண்டார். குழாயைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து துணிக்கிளிப்பால் பிடிக்க வைத்தார். அதிலிருந்துதான் ‘கேமல்பேக்’ என்ற நிறுவனமே கிளம்பியது. ஆஸ்பத்திரியில் அந்தப் பை தானாகச் சுருங்குவதைத் தினமும் பார்த்த கண்ணுக்குத்தான் இது தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி அடி அண்ணாமலைக்கு வருவோம். ராஜகோபுரத்திலிருந்து புறப்பட்டு இந்திரன், அக்னி, எமன், நிருதி லிங்கங்களைக் கடந்து, மேற்கில் வருண லிங்கத்தையும் தாண்டினால் அங்குள்ள ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் வரும். ஏறத்தாழ பாதி வழி. வெறுங்காலோடு வந்தவர்கள் இங்கேதான் பெரும்பாலும் பையை இறக்கி உட்கார்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில்தான் விபத்தும் நடக்கிறது. பையைத் திண்ணைமேல் வைக்கிறார்கள். குழாய் கீழே தொங்குகிறது. அதன் நுனிமேல் இன்னொருவருடைய மூட்டை ஏறி உட்கார்கிறது. வால்வு கடிபட்டதுபோலத் திறந்துகொள்ளும். குழாய் முழுக்கத் தண்ணீர் இருப்பதாலும், நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதாலும், யாரும் உறிஞ்சாமலேயே பை காலியாகும். தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பை ஓட்டை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பையில் குற்றமில்லை. குழாயைச் சுருட்டிப் பையின் மேல்பக்கமாக வைத்தால் போதும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தால் அதை மூடிவிடலாம். அது இல்லாத பையை வாங்காதீர்கள்.

இன்னொரு புகார்: ‘பாதி இருக்கும்போதே வர மறுக்கிறது.’ பால் பாக்கெட்டை அடியில் விரலால் நெருக்கிப் பிடித்தால் மேலே பால் இருந்தும் கீழே இறங்காதல்லவா? துண்டு, மாற்று வேட்டி, பிரசாதம் என்று முதுகுப்பையை அடைத்துத் திணிக்கும்போது தண்ணீர்ப் பையின் அடிவாய் அப்படித்தான் நெருக்கப்படுகிறது. இல்லையென்றால் குழாய் எங்கோ மடிந்திருக்கும். தண்ணீர்ப் பையை முதலில், முதுகை ஒட்டி, நிமிர்த்தித் தொங்கவிட்டுவிட்டு மற்றவற்றை அதற்கு வெளிப்பக்கமாக வையுங்கள். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. அந்தச் சுமை முதுகெலும்பை ஒட்டி இருந்தால் நடையில் ஆடாது. நிரப்பியதும் பையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் சளக் சளக் என்ற சத்தமும் நின்றுவிடும்.

வெயிலில் முதல் மடக்கு சுடும். பயப்பட ஒன்றுமில்லை. பைக்குள் இருக்கும் தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்கும். குழாயில் நின்ற தண்ணீர்தான் காய்ந்திருக்கும். ஒரு மீட்டர் நீளமும் ஆறு மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 28 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும். அதைத் துப்பிவிட்டுக் குடியுங்கள். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதித் தண்ணீரைத் திரும்பப் பைக்குத் தள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் எச்சிலும் சேர்ந்து போகும். நான் அதைச் சொல்லமாட்டேன்.

எவ்வளவு குடிப்பது என்பதில்தான் இந்தப் பையை அதிகம் கவனிக்க வேண்டும். பாட்டில் என்றால் கண்ணெதிரே குறைவது தெரியும். முதுகில் இருப்பது தெரியாது; குழாய் உதட்டோரமே தொங்குவதால் தாகமில்லாமலும் உறிஞ்சிக்கொண்டே நடப்போம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போதே எடை கூடுகிற அளவுக்குத் தண்ணீர் குடித்ததுதான் அதில் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். வியர்வை கொட்டும் சித்திரை நாளில் உப்பும் போகிறது. அதற்கு வழியில் மோரோ, தனி பாட்டிலில் கலக்கிய ஓ.ஆர்.எஸ். கரைசலோ போதும்.

அந்த மோரையும் பானகத்தையும் கரைசலையும் பைக்குள் மட்டும் ஊற்றாதீர்கள். வெட்டிய பால் பாக்கெட்டைக் கழுவாமல் ஒரு பகல் மூலையில் போட்டுவைத்தால் என்ன வாடை வரும் என்று எந்த வீட்டிலும் கேட்க வேண்டியதில்லை. மடிப்பில் தங்கிய ஒரு துளிதான் அந்த வேலையைச் செய்கிறது. தண்ணீர்ப் பையின் மடிப்பும் குழாயின் உட்சுவரும் அதே மாதிரி இடங்கள்; சர்க்கரை சேர்ந்தால் கிருமிகளுக்கு விருந்து. வெறும் தண்ணீர்தான் என்றாலும் வீட்டுக்கு வந்த அன்றே கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடா கரைத்துப் பையில் ஊற்றி, வால்வைக் கடித்துப் பிடிப்பதுபோல விரலால் அழுத்திக் குழாய் வழியே அதை வடியவிடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் ஒட்டு விட்டுப்போகும். பிறகு உள்ளே ஒரு மத்தையோ கரண்டியையோ நுழைத்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாதபடி விரித்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒட்டிச் சுருங்குவதுதான் அதன் பலம். காயும்போது அதுவே தொல்லை.

பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிறவருக்கு வழி நெடுகக் கடைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் உண்டு. மூன்று லிட்டரைச் சுமப்பது வீண். ஒன்றரை லிட்டர்ப் பை போதும், அடி அண்ணாமலையில் ஒருமுறை நிரப்பிக்கொள்ளலாம். வாங்கும்போது மேல்வாய் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கை முழுதாக உள்ளே போகாத பையைக் கழுவ முடியாது. கழுவ முடியாத பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.