ஊஞ்சல் பலகையின் மூலை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற தேக்கு ஊஞ்சலுக்குப் பாட்டனார் காலந்தொட்டு நான்கு மூலைகள் இருந்து வந்தன. பிராணிகள் காப்பகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வயதுள்ள மணி என்ற நாட்டு நாயொன்றை நாங்கள் சுவீகாரம் எடுத்து வந்த பத்தாம் நாளிலிருந்து அதற்கு மூன்றரை மூலைகளே இருக்கின்றன. ஊஞ்சலுக்கு முன்னால் என் இடது கால் செருப்பும், அதற்கும் முன்னால் வாசற்கதவின் நிலைச்சட்டமும் துவம்சமாகியிருந்தன. வலது கால் செருப்பை அது தீண்டவே இல்லை என்பதை, அந்த ஜந்துவுக்குச் சாதகமான சாட்சியமாக நான் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அந்நாட்களில் மாலைதோறும் எங்கள் வீட்டில் ஒரு நியாயஸ்தலம் கூடும். நான் கதவைத் திறந்து, சேதமடைந்த பொருளைக் கையில் எடுத்ததும், மணி காதுகளை மடித்து, வாலைக் கால்களுக்கிடையில் செருகி, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். “பாருங்க மாப்பிள்ளை, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது” என்பார் என் மாமியார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு தண்டனைக்கு என்ன தடை?

ஆனால், அந்த ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பதை நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. தின்னக் கூடாதென்று ஒரு தின்பண்டத்தை நாயின் முன் வைத்துவிட்டு எஜமானர் வெளியே போக, திரும்பி வந்தவரிடம் நாய் தின்றதா இல்லையா என்பதைச் சில சமயம் உள்ளபடியும் சில சமயம் மாற்றியும் சொல்லிப் பார்த்ததில், நாயின் ‘குற்றமுள்ள முகம்’ அது செய்த காரியத்தைப் பொறுத்ததாக இல்லாமல், எஜமானர் கடிந்துகொண்டாரா என்பதையே பொறுத்திருந்தது. சொல்லப்போனால், ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. காலை பதினொரு மணிக்குக் கடித்த செருப்புக்கு மாலை ஆறு மணிக்கு விழுகிற அடியை நாய் செருப்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நாம் வீடு திரும்புவதோடுதான் சேர்த்துப் பார்க்கிறது.

நியாயஸ்தலத்தைக் கலைத்துவிட்டு நாங்கள் துப்பறியத் தொடங்கினோம். குட்டியாக இருந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரையில் இருபத்தெட்டுப் பால்பற்கள் உதிர்ந்து நாற்பத்திரண்டு பற்கள் முளைக்கிற ஈறு எதையாவது கடித்தே தீரும், நனைத்துக் குளிரவைத்த துணியொன்றைக் கொடுத்தால் ஓரளவு சாந்தியடையும். மணியோ அந்தப் பருவத்தை எந்தத் தெருவிலோ கழித்துவிட்டு வந்தது. ஆகவே, கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம்பிடித்துவிட்டு வெளியே போய் வந்தோம். நாங்கள் போன எட்டாவது நிமிஷத்தில் அது கதவடியை மோப்பம் பிடித்து, முனகி, நிலைச்சட்டத்தைப் பிறாண்டியது. பிறகு, மாலை வேளைகளில் நான் உட்கார்கிற ஊஞ்சலின் அதே பக்கத்து மூலைக்குப் போய் வாயை வைத்தது. பொழுது போகாமல் கடிக்கிற நாய் நேரங்காலம் பார்ப்பதில்லை, அகப்பட்டதையெல்லாம் பதம் பார்க்கும். தனிமைக்கு அஞ்சுகிற நாயோ பெரும்பாலும் முதல் அரைமணிக்குள்ளாகவே கதவையும் ஜன்னலையும் எஜமானரின் வாசனையுள்ள பொருளையும் தேடிப் போகும். வைத்தியர்கள் இதற்கு நீண்டதொரு பெயர் வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே சூட்டிய ‘பிரிவாற்றாமை’ என்ற சொல் இருக்கையில் எனக்கு வேறொன்று தேவைப்படவில்லை.

சிகிச்சை சற்று வேடிக்கையானது. சாவியை எடுத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் ஊஞ்சலில் அமர்ந்து தினசரி படிப்பது முதற்பாடம்; கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்பது இரண்டாவது; பிறகு மூன்று நிமிஷம், ஏழு நிமிஷம் என்று, நாய் பதறுவதற்கு முன்பே திரும்பிவிடும்படி நேரத்தை மெல்ல நீட்டுவது. சொந்த வீட்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பற்றி எதிர்வீட்டார் என்ன நினைத்தார்களோ, அறியேன். இதற்கும் அடங்காத பீதியுள்ள நாய்களுக்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவதும் உண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கடிப்பது நாயின் சுபாவம். அதை ஒழிக்க முடியாது, திருப்பிவிடத்தான் முடியும். ஆதலால் செருப்புகள் உயர்ந்த தட்டுக்கு ஏறின, மின்கம்பிகள் மறைவுக்குப் போயின, வெளியே கிளம்புமுன் அவசரப்படுத்தாமல் மணி இஷ்டப்படி மோந்து பார்க்கிற நடை ஒன்று ஏற்பட்டது. பழைய செருப்புதானே என்று விளையாடக் கொடுத்துவிடக் கூடாது. பழையது புதியது என்ற பேதம் நமக்குத்தான். வாயிலிருப்பதைப் பிடுங்குவதும் தவறு, பிடுங்கப் பிடுங்க நாய் ஒளிக்கவும் விழுங்கவும் கற்கும். அதைவிட ருசியான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்ய வேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டை குடலை அடைக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதுவும் நாயின் பல்லை உடைக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் சொல்கிற எளிய பரீட்சை.

எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது உள்ளே பொந்துள்ள ஒரு ரப்பர்ப் பொம்மை. அதன் பூர்வோத்தரம் ரசமானது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம் வந்துசேர்ந்த, போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய், கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் தமது ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுதுபார்க்கையில் கழன்று விழுந்த ரப்பர்த் துண்டொன்றை அது விடாமல் பற்றிக்கொள்ள, அந்த உருவத்தையே அவர் ‘காங்’ என்ற பொம்மையாக்கி வியாபாரம் செய்தார். அந்தப் பொந்தில் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால், மணிக்கு அரைமணி நேரம் உலகமே மறந்துவிடுகிறது. மாமியார்தான் இப்போது அதன் பிரதம சமையற்காரர்.

மூன்று மாதமாக வீட்டில் சேதமில்லை. பரணிலிருந்து பயணப்பெட்டி இறங்கும் நாளில் மட்டும் மணி அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்க மறுக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஒரு பொம்மைக்குப் பதிலாக இரண்டை உறையவைக்கிறோம்.