நீர்மலையிலிருந்து நான்கு திருப்பதிகளுக்கு: மூன்று நாள் யாத்திரை

யாத்திரை என்னும் சொல்லுக்குப் போதல் என்பது பொருள். ஆயினும் போய் வருதல் மட்டுமே யாத்திரை ஆகிவிடாது. எங்கே போவது, எதனைக் காண்பது, எவ்வாறு சென்றால் உடலும் உள்ளமும் சோராமல் சேவிக்கலாம் என்பவற்றை முன்னரே எண்ணித் துணிந்து புறப்படுவதே யாத்திரை எனப்படும். முன்னோர் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்ற நாளில் இதற்கு மாதக்கணக்கில் பொழுது இருந்தது. இன்று பெரும்பாலோர்க்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நாள் விடுமுறையே. அச்சிறு பொழுதில் தொலைவிலுள்ள ஊர்கள் சிலவற்றைச் சேவித்து வர விரும்பும் அன்பர்களுக்குத் தாம்பரத்தை அடுத்த திருநீர்மலையே நல்லதொரு வழிகாட்டியாக விளங்குகிறது.

ஒரே தலத்தில் நான்கு திருக்கோலங்கள்

தொண்டை நாட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருநீர்மலை, பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றின் அருகே அமைந்துள்ளது. 2021-ஆம் ஆண்டு முதல் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ளார். தாயார் அணிமாமலர் மங்கை. படிகள் ஏறி மலைமேல் சென்றால் சாந்த நரசிம்மர் இருந்த திருக்கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த திருக்கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த திருக்கோலத்திலும் காட்சி தருகின்றனர்.

திருமங்கையாழ்வார் தமது பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து நான்காம் திருமொழியை இத்தலத்துக்கே உரியதாக்கினார். அதன் முதற் பாசுரத்தில், திருநறையூரில் நிற்பவனும், திருவாலியில் இருப்பவனும், குடந்தையில் கிடப்பவனும், கோவலூரில் நடந்தவனும் ஆகிய எம்பெருமானுக்கு இடமாவது நீர்மலையே என்னும் கருத்தை அமைத்தார். நான்கு ஊர்களில் தனித்தனியே காணத்தக்க கோலங்கள் இங்கு ஒருங்கே உள்ளன என்பது இதன் பொருள். அந்த நான்கு ஊர்களையும் நேரில் கண்டு வருதலே இக்கட்டுரையில் கூறப்படும் யாத்திரையாகும்.

பாட்டின் வரிசையும் வழியின் வரிசையும்

நறையூர், ஆலி, குடந்தை, கோவல் என்பது பாட்டின் வரிசை. நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் என்னும் கோலங்களுக்கு ஏற்ப ஆழ்வார் அவ்வாறு அமைத்தார். பயணம் செய்வோர் அதே வரிசையைப் பின்பற்றினால், குடந்தைக்கு மிக அருகிலுள்ள நறையூரைச் சேவித்துவிட்டு, சீர்காழிப் பக்கமுள்ள திருவாலிக்குச் சென்று, மீண்டும் குடந்தைக்கே திரும்ப நேரும். சென்ற வழியே திரும்புவது பொழுதை வீணாக்கும்.

ஆகவே வழியின் வரிசையை மேற்கொள்ள வேண்டும். தாம்பரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு முதலில் கோவலூர், அடுத்துத் திருவாலி, பின்னர்க் குடந்தை, இறுதியில் நறையூர் என அமைவதே எளிது. இவ்வரிசையில் கோலங்களும் நடத்தல், இருத்தல், கிடத்தல், நிற்றல் என அமைகின்றன. வழிப்போக்கன் ஒருவன் பகலில் நடந்து, மாலையில் அமர்ந்து, இரவில் கிடந்து, விடியலில் எழுந்து நிற்பதுபோல் இது பொருந்தியிருப்பது இன்புறத்தக்கது. போகவும் வரவும் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 700 கி.மீ. ஆகும்.

முதல் நாள்: நடந்த திருக்கோலம்

விடியற்காலையில் தாம்பரத்தில் தொடர்வண்டி ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் விழுப்புரம் சேரலாம். அங்கிருந்து பேருந்தில் திருக்கோவலூர் செல்ல ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். தென்பெண்ணையின் தென்கரையிலுள்ள இவ்வூர் இன்று திருக்கோவிலூர் என வழங்குகிறது. பழைய நூல்களில் விழுப்புரம் மாவட்டம் என்றிருப்பினும், 2019 முதல் இது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இங்குத் திரிவிக்கிரமர் ஒரு திருவடியை உயரத் தூக்கி நெடிதுயர்ந்து நிற்கிறார். வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் மாறி அமைந்திருப்பதைச் சேவிப்போர் கவனித்தல் வேண்டும். மழை பொழிந்த ஓர் இரவில் பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய மூவரும் சந்தித்த இடைகழி இவ்வூரிலேயே இருந்தது. ஒருவர் படுக்கப் போதுமான அவ்விடம், இருவராயின் அமரவும், மூவராயின் நிற்கவுமே இடம் தந்தது என்பது குருபரம்பரை வரலாறு. நெருக்கத்தைப் பொறுத்து இடம் பகிர்ந்த மூவருக்கும் நடுவே எம்பெருமானும் வந்து நெருக்கினான். முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்தன. கூட்டம் மிகுந்த வண்டியில் நிற்க நேரும் யாத்திரிகர் இதனை நினைவிற்கொண்டால் சலிப்புத் தோன்றாது. அம்மூவருள் பூதத்தாழ்வார் தமது இரண்டாம் திருவந்தாதியில் அரங்கம், கோட்டியூர், வேங்கடம் ஆகிய தொலைவூர்களோடு நீர்மலையையும் சேர்த்துப் பாடியவர் ஆவார்.

நண்பகலுக்கு முன் சேவையை முடித்துக்கொண்டு, விழுப்புரம், கடலூர் வழியாகச் சிதம்பரம் சென்று இரவு தங்குதல் நலம். அங்குத் தங்கும் விடுதிகள் மிகுதி. சீர்காழிக்கு அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவே.

இரண்டாம் நாள்: இருந்ததும் கிடந்ததும்

காலையில் சீர்காழி அடைந்து, அங்கிருந்து ஆட்டோவிலோ வாடகை வண்டியிலோ திருவாலிக்கும் திருநகரிக்கும் செல்லலாம். 2020 முதல் இப்பகுதி மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. சில கி.மீ. இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்க் கோயில்களும் சேர்ந்தே ஒரு திருப்பதியாக எண்ணப்படுகின்றன. ஆகவே ஒன்றை மட்டும் கண்டு திரும்புதல் பாதி யாத்திரையாகவே முடியும். திருவாலியில் இலட்சுமி நரசிம்மர் அமர்ந்த கோலத்தில் அருள்கிறார். திருநகரியில் வயலாலி மணவாளனோடு திருமங்கையாழ்வாருக்கும் தனிச் சந்நிதி உண்டு. ஆழ்வார் பிறந்த திருக்குறையலூரும் இப்பகுதியிலேயே உள்ளது. நீர்மலையைப் பாடியவரின் சொந்த மண் இது என்பதால், இங்கு விரைந்து நகராமல் சற்றே அமர்ந்திருந்து செல்வது தக்கது.

நண்பகலுக்குப் பின் மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம் சேரலாம். மாலையில் சார்ங்கபாணி கோயிலைச் சேவிக்க வேண்டும். தேர் வடிவில் அமைந்த கருவறையில் ஆராவமுதன் பள்ளிகொண்டிருக்கிறார். நீர்மலைக்கு வடமேற்கே, பூவிருந்தவல்லி அருகிலுள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வார் இங்கு வந்தபோது, உலகெல்லாம் நடந்த களைப்பினால் கால் நொந்தோ இவ்வாறு படுத்தது என்று பரிவோடு வினவி, எழுந்து பேச வேண்டினார் என்பர். பெருமாளும் எழத் தொடங்கினார். அந்நிலையிலேயே இன்றும் சேவை சாதிப்பதாகப் பெரியோர் கூறுவர். இப்பெருமாள்மீது அமைந்த நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைக் கேட்டே, எஞ்சியவற்றைத் தேடி நாதமுனிகள் புறப்பட்டார் என்பதும் வைணவ மரபு.

கோவலூரில் நடந்தவன் குடந்தையில் இளைப்பாறினான் என்று ஆழ்வாரே கருதினாராயின், இரண்டு நாள் அலைந்த யாத்திரிகர் அன்றிரவு நன்கு உறங்குதலும் முறையே. இரவோடு இரவாக மற்றோர் ஊருக்கு விரைதல் வேண்டா.

மூன்றாம் நாள்: நின்ற திருக்கோலம்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர்ச் சாலையில் ஏறத்தாழ 10 கி.மீ. சென்றால் நாச்சியார்கோயில் எனப்படும் திருநறையூர். கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகப் போற்றப்படும் உயர்ந்த மாடக்கோயில் இது. பெருமாள் நின்ற கோலத்தினர். ஆயினும் வஞ்சுளவல்லி நாச்சியாருக்கே இங்கு முதலிடம். திருமங்கையாழ்வாருக்குத் திருவிலச்சினை அளித்து அவரை ஆட்கொண்டவர் இவ்வூர் நம்பியே என்பர். கல்லால் ஆன கருடன், மார்கழியிலும் பங்குனியிலும் வீதியுலா எழுந்தருளும்போது, சந்நிதியிலிருந்து வெளிவர வெளிவரத் தாங்குவோர் தொகை நால்வர், எண்மர், பதினாறு பேர், முப்பத்திருவர், அறுபத்து நால்வர் எனப் பெருகிக்கொண்டே போகும். கடைத்தெருவில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் தொழிலும் புகழ்பெற்றது.

காலைச் சேவையை முடித்துக் கும்பகோணம் திரும்பினால், பகல் வண்டியிலோ இரவு வண்டியிலோ தாம்பரம் வந்து சேரலாம்.

விட்டுவிட வேண்டியவை

சிறு யாத்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசையே. திருவாலிக்கு அருகில் நாங்கூர்த் திருப்பதிகள் பதினொன்று உள்ளன. கும்பகோணத்தைச் சூழ நவக்கிரகத் தலங்கள் உள்ளன. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவற்றை விடலாமா என்று தோன்றும். விடலாம். அவை ஒவ்வொன்றும் தனி யாத்திரைக்கு உரியவை. நாளொன்றுக்கு எட்டுக் கோயில் எனக் கணக்கிட்டு ஓடுவோர், மாலையில் எந்தப் பெருமாள் நின்றார், எந்தப் பெருமாள் இருந்தார் என்று கேட்டால் திகைப்பர். அரை நாளுக்கு ஒரு தலம் என்பதே நல்ல அளவு.

பெரும்பாலான திருக்கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்கு மேலேயே திறப்பர். எனவே காலைப் பொழுதைச் சேவைக்கும், நடை சாத்திய பொழுதை உணவுக்கும் பயணத்துக்கும் ஒதுக்கினால் வாயிலில் காத்து வருந்த வேண்டியதில்லை.

காலமும் முன்னேற்பாடும்

திருமங்கையாழ்வார் ஆடல்மா என்னும் குதிரையில் ஊர் ஊராகச் சென்று, எண்பதுக்கும் மேற்பட்ட திருப்பதிகளைப் பாடியவர். அத்தகையவரும் நீர்மலைக்கு வந்தபோது, மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் ஆறு திங்கள் காத்திருந்தே சேவித்தார் என்பது தல வரலாறு. காலம் அறிந்து புறப்படுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை இது உணர்த்தும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, தை முதல் பங்குனி வரை செல்வதே உகந்தது.

தொடர்வண்டியில் இடம் பதிவதற்கான முன்காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. 60 வயது நிறைந்த ஆடவர்க்கும் 45 வயது நிறைந்த பெண்டிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போதே அதனைக் கேட்டுப் பெற வேண்டும். பேருந்தில் செல்வோர், தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுவதை நினைவிற்கொள்க. நடை திறப்பு நேரத்தையும் வண்டி நேரத்தையும் புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை கேட்டறிதல் நன்று. மூன்றாம் நாளின் இறுதியில் அரை நாளேனும் ஒன்றும் திட்டமிடாமல் விட்டுவைத்தால், வழியில் நேரும் தாமதம் எதுவும் யாத்திரையைக் குலைக்காது.

செல்ல இயலாதவர்க்கு

பல இல்லங்களில் யாத்திரை செல்ல மிகவும் விரும்புபவர் அவ்வீட்டின் மூத்தவரே. "உங்களால் முடியாது" என்று அவரை விட்டுச் செல்லுதல் எளிது. அவரது நடையின் அளவுக்கு நாளின் திட்டத்தை வகுத்தல் சற்றே அரிது. ஆயினும் அதுவே அறம். மூவரில் மெதுவாக நடப்பவர் எவரோ அவர் நடையே அனைவர் நடையும் ஆகட்டும். மூன்று நாள் போதாதாயின் நான்கு நாள் ஆகட்டும். நான்கு தலம் இயலாதாயின் இரண்டே போதும்.

அதுவும் இயலாதவர்க்காகவே ஆழ்வார் நீர்மலையைக் காட்டிவைத்தார். நான்கு ஊர்களின் சேவையும் மலைப்படிகளின் தொலைவிலேயே இங்குக் கிட்டும். முழங்கால் வலியால் படியும் ஏற இயலாதோர், அடிவாரத்தில் நீர்வண்ணர் சந்நிதியில் நின்று மலையை நோக்கிக் கைகூப்பினாலும் குறையொன்றும் இல்லை. இயன்றோர் நான்கு ஊர்களுக்கும் சென்று வரட்டும். வந்த பின் இம்மலையில் ஏறி, அங்குக் கண்ட கோலங்களை இங்கு மீண்டும் சேவிக்கட்டும். உடன் வர இயலாமல் வீட்டில் இருந்தோர்க்கு அவற்றை எடுத்துரைக்கட்டும். சென்றவர், கேட்டவர் இருவரும் யாத்திரைப் பயன் பெறுவாராக.