அத்தையைப் பார்த்துக்கொண்டேன், என்னை?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கம்பத்தில் எங்கள் வீட்டில் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. எனக்கு மாற்றாக வரும் நாத்தனார் இருப்பதோ கேரளத்து வண்டன்மேட்டில். குமுளிச் சாவடி அடைத்தாகிவிட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியிலும்தான். மூன்றாம் வாரம், தண்ணீர் கேட்டவரிடம், "இப்பத்தானே குடிச்சீங்க!" என்று எரிந்து விழுந்தேன். அத்தை பேசாமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: "பத்திலிருந்து இரண்டு மணி வரைக்கும் உங்க முறை." கைகழுவி, முகக்கவசம் கட்டி, அவரே புரட்டினார். (ஆம்பளைக்கு வராதாம், பத்தே நாளில் வந்தது!) நான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் கைகால் பயிற்சியும் வீடு தேடி வரலாயின. வருகிற சுகாதாரப் பணியாளரிடம், சகோதரிகளே, உங்கள் முதுகுவலியையும் சொல்லுங்கள்.