கார்த்திகை இருட்டில் நடப்போரும் ஓட்டுவோரும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் என்பதே நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி வாழ்க்கை. ஆண்டில் பெரும்பகுதி வெயிலில் காயும் இக்கரிசல் பூமிக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே உயிர் கொடுக்கும் மாதங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மல்லி என்று காடு பச்சை பிடிக்கிறது. எங்கும் களையெடுப்பு நடக்கிறது. ஆனால் நமக்குச் சோறு தரும் இதே மாதங்கள்தாம் சாலையில் நடந்து செல்வோருக்கு ஆபத்து மிகுந்த மாதங்களும் ஆகும். அதன் காரணத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொழுது சாயும் நேரம்

ஆனி மாதத்தில் நம் பகுதியில் சூரியன் மறைய மாலை 6.40 மணி ஆகிவிடும். நவம்பர் நடுவிலோ 6 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் மார்கழியில் வந்தாலும், நம் ஊரில் சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் நடுப்பகுதியில்தான் என்பது பலரும் அறியாத உண்மை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி வெளிச்சமும் நமக்கு நெடுநேரம் நிற்பதில்லை. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் இருட்டிவிடும். மேகமூட்டம் இருந்தால் அவ்வளவு நேரமும் கிடையாது.

பொழுது முந்திச் சாய்ந்தாலும் வேலை முடியும் நேரம் மாறுவதில்லை. களையெடுத்துத் திரும்பும் பெண்கள், ஆடு ஓட்டி வருவோர், ஆலையிலும் விசைத்தறியிலும் வேலை முடிந்து வருவோர், பேருந்தை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கும் மாணவர்கள் ஆகிய அனைவரும் சாலையில் இருப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். என் தாயாரும் களையெடுப்புக்குச் செல்பவர். கோடையில் வெளிச்சத்தோடு வீடு வந்து சேரும் அவர், கார்த்திகையில் இருட்டில் தார்ச் சாலை ஓரமாகத்தான் நடந்து வருகிறார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. இவ்வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரின் கதையும் இதுவே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் 32,825 பேர், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், நடந்து சென்றவர்கள். நாளின் எந்த நேரத்தைவிடவும் மாலை 6 மணி முதல் 9 மணி வரைதான் அதிக விபத்துகள் நடக்கின்றன என்பதையும் இக்கணக்குகள் காட்டுகின்றன.

கண் என்னும் கருவி

நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. பகல் வெளிச்சத்தில் கூம்புச் செல்களும், மங்கிய ஒளியில் கோல் செல்களும் பணி செய்கின்றன. கோல் செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் பொருள் இருட்டில் மெல்ல மெல்லச் சேர்ந்தால்தான் பார்வை தெளியும். இதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். எதிரே வரும் வண்டியின் உயரொளி ஒருமுறை பாய்ந்தால் போதும். கண் கூசிச் சில வினாடிகள் எதுவும் தெரியாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று வினாடிகள் கண் கூசினால் 50 மீட்டர் தூரம் ஓட்டுநர் குருடராகச் செல்கிறார் என்று பொருள்.

மேலும், ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒளி மட்டும் போதாது. பின்னணியிலிருந்து அது வேறுபட்டும் இருக்க வேண்டும். நம் சாலையோ கறுப்பு. இருபுறத்துக் கரிசலும் கறுப்பு. மழையில் நனைந்தால் இரண்டும் இன்னும் கறுத்துவிடும். நடுவில் அடர்நிறச் சேலையோ கைலியோ உடுத்து நடப்பவர் எப்படித் தெரிவார்?

இங்கே நடப்பவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டியின் விளக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே அவருக்குத் தெரிகிறது. "நமக்கு வண்டி தெரிகிறது, ஆகவே வண்டிக்காரருக்கும் நம்மைத் தெரியும்" என்று அவர் நம்புகிறார். உண்மையில் ஓட்டுநர் அவரைக் காண்பது மிகவும் நெருங்கிய பிறகே.

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொள்வோம். நல்ல பிரேக் உள்ள கார் உலர்ந்த சாலையில் வினாடிக்கு 6 மீட்டர் வீதம் வேகம் இழக்கிறது என்றும் கொள்வோம். வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க 27 மீட்டர் தேவை. 60 கிலோமீட்டரில் 48 மீட்டர். 80 கிலோமீட்டரில் 74 மீட்டர். ஈரச் சாலையிலும், தேய்ந்த டயரிலும், பாரம் ஏற்றிய வண்டியிலும் இது இன்னும் கூடும்.

தாழ்வொளியில், கறுத்த உடையில் நடப்பவர் சுமார் 30 மீட்டரில்தான் கண்ணுக்குப் புலப்படுகிறார் எனில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே இரவின் சரியான வேகம்.

நம் சாலைகளின் நிலை

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகச் செல்கிறது. ஊர் ஒரு பக்கம், காடு மறுபக்கம் என்று வாழ்வோர் அதை நாள்தோறும் கடக்கிறார்கள். கிளைச் சாலைகளில் வேறொரு தொல்லை. சீமைக்கருவேல் தார் விளிம்பு வரை வளர்ந்து மண் ஓரத்தை விழுங்கிவிடுகிறது. ஒதுங்க இடமின்றி மக்கள் தாரின் மேலேயே நடக்கின்றனர். முள்ளை வெட்டி ஓரத்தை மீட்பது ஊராட்சிகள் செய்யக்கூடிய எளிய, ஆனால் உயிர் காக்கும் பணி. அறுவடைக் காலத்தில் தானியத்தைச் சாலையில் காயப்போட்டு, சுற்றிலும் வைத்த கற்களை இரவில் அப்படியே விட்டுவிடும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

ஓட்டுவோர் கடமை

எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்துவது மரியாதை மட்டுமன்று. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி அது சட்டக் கடமை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். சேறு படிந்த விளக்கையும் கண்ணாடியையும் துடைத்த பிறகே புறப்பட வேண்டும். நின்றிருக்கும் பேருந்தைக் கடக்கும்போது, அதன் முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரக்கூடும் என்று எண்ணியே செல்ல வேண்டும். மோதினால் வண்டிக்குக் கீறல், நடப்பவருக்கோ உயிர். ஆகவே பொறுப்பின் பெரும்பங்கு ஓட்டுபவரையே சாரும்.

நடப்போர் கவனத்திற்கு

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது. கூட்டமாகச் சென்றால் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டாலும், கைவிளக்கைத் தரை நோக்கிப் பிடித்தாலும் பயன் உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது ஒளி திருப்பும் பட்டை. விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் இத்தத்துவத்தைக் கொண்டுதான் இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-இல் சாலையில் பதிக்கும் 'பூனைக்கண்' விளக்கை உருவாக்கினார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோரின் பையில் ஒட்டப்படும் பட்டையும் அதுவே. களைக்கொத்து வைக்கும் கூடையிலும், பள்ளிப் பையிலும், மாட்டு வண்டியின் பின்புறத்திலும் அதை ஒட்டினால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே மின்னும்.

அடிபட்டவரைக் கண்டால்

காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ உடனே அழைக்கலாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். பிரிட்டனில் காரால் உயிரிழந்த முதல் நடைப்பயணி அவரே. இனி இப்படி ஒன்று நிகழக்கூடாது என்று விசாரணை அதிகாரி அன்று கூறினாராம். அவர் ஆசை நிறைவேறவில்லை. ஆயினும் நம் ஊர்ச் சாலை அளவிலாவது அதை நிறைவேற்ற நம்மால் முடியும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் படிக்க வந்த முதல் தலைமுறை. நம்மைப் படிக்க வைத்தவர்கள் இன்றும் இருட்டில் நடந்துதான் வீடு திரும்புகிறார்கள். நாம் கற்ற இயற்பியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், அவர்கள் கூடையில் ஒட்டும் ஒரு சிறு பட்டையாகவும், நாம் ஓட்டும் வண்டியில் தாழ்த்தும் விளக்காகவும் மாறட்டும்!