பழைய கணினியும் புதிய வலையமைப்பும்

உம்மும்மா சொன்ன கதைகளை உம்மா தட்டச்சுச் செய்து வைத்த விண்டோஸ் 98 கணினி எங்கள் வீட்டில் உண்டு. உம்மும்மா வபாத்தாகிவிட்டார். அக்கதைகளை எனது மடிகணினிக்கு எப்படிக் கொண்டுவருவது?

பென்டிரைவைச் செருகினேன். உரிய டிரைவர் மென்பொருள் இல்லாமல் விண்டோஸ் 98 அதனை அடையாளம் காணாது. நெகிழ்வட்டை வாசிக்கும் வசதி மடிகணினியில் இல்லை.

எஞ்சியது வலையமைப்புக் கேபிள். பழைய கணினியின் ஈதர்நெட் அட்டை வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுடையது. எங்கள் ரவுட்டரோ 1000 மெகாபிட். ஆயினும் ரவுட்டர் தன் வேகத்தைக் குறைத்து இணங்கியது, ஐ.பி. முகவரியும் வழங்கியது.

ஆனால் பகிர்ந்த கோப்புறை மடிகணினியில் திறக்கவில்லை. விண்டோஸ் 98 கோப்புகளைப் பகிர்வது எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய பதிப்பில். 2017இல் வனாக்கிரை தீநிரல் பரவியது அப்பதிப்பின் ஓட்டை வழியாகவே. அதனால் புதிய விண்டோஸ்களில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதை மீண்டும் இயக்குவது, கதவைப் பூட்டாமல் உறங்குவதைப் போன்றது.

எனவே எஃப்.டி.பி. முறையை நாடினேன். அதற்கான கட்டளை விண்டோஸ் 98இலேயே உண்டு. மடிகணினியில் எஃப்.டி.பி. சேவையக மென்பொருளை நிறுவினேன். எஃப்.டி.பி. கடவுச்சொல்லையும் மறைக்காமல் அனுப்புவதால், முதலில் ரவுட்டரின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். பழைய கணினியில் ‘பைனரி’ கட்டளையை இட்டே அனுப்ப வேண்டும். இல்லாவிடில் ஆவணங்கள் சிதைந்துவிடும்.

கோப்புகள் வந்தன. திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்! உம்மா பயன்படுத்திய பாமினி எழுத்துருவை நிறுவியதும் தமிழ் தெரிந்தது. அன்றிரவே முதற் கதையைத் தம்பிக்கு உம்மா வாசித்துக் காட்டினார்.

உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருந்தால், பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.