எக்ஸ்-ரே அறைக்கு ஏன் இத்தனை கூட்டம்?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. தேர்வில் நல்ல ரேங்க் வாங்கியிருக்கிறாள். வீட்டில் அனைவரும் ரேடியாலஜி எடுக்கச் சொல்கிறார்கள். அவளோ குழந்தை மருத்துவம்தான் என்று நிற்கிறாள். "நீங்க அந்தத் துறையிலேயே இருந்தவர். சம்பளம் எவ்வளவு, வேலை எவ்வளவுன்னு அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார். இதே கேள்வியை இந்த ஓராண்டில் நான்கைந்து குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டன. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதியே விடுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் நான் ரேடியாலஜி எடுத்தது, கேட்ட பொது மருத்துவம் கிடைக்காததால்தான். அப்போது எங்களை 'போட்டோகிராபர்' என்று கேலி செய்வார்கள். இருட்டறை, சிவப்பு விளக்கு, ஹைப்போ நாற்றம், ஈரம் சொட்டத் தொங்கும் படங்கள். இவைதாம் எங்கள் உலகம். கும்பகோணத்தில் என் தாயார், "பையன் டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. இன்று தரவரிசையின் உச்சியில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொது மருத்துவம், ரேடியாலஜி, தோல் மருத்துவம் என்றுதான் போகிறார்கள். மறுபக்கம் உடற்கூறு, உடலியங்கியல் போன்ற துறைகளில் இடங்கள் காலியாகவே கிடந்து, 2023-இல் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய பெர்சன்டைல் வரை இறக்கவேண்டி வந்தது.

சம்பளத்துக்கு வருவோம். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் துறை பார்த்துச் சம்பளம் கிடையாது. மத்திய அரசுப் பணியில் நான் 33 ஆண்டுகள் இருந்தேன். என் பக்கத்து அறைக் குழந்தை மருத்துவரும், மாடியிலிருந்த அறுவை நிபுணரும், நானும் ஒரே பட்டியலில் ஒரே தொகையை வாங்கினோம். 2016-இல் ஏழாவது ஊதியக் குழு நடைமுறைக்கு வந்தபோது, முதுநிலை படிக்கும் ஜூனியர் ரெசிடென்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், சீனியர் ரெசிடென்டுக்கு 67,700, எய்ம்ஸில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு 1,01,500 என்று வைத்தார்கள். தனியே பிராக்டிஸ் செய்யாததற்கான படி 20 சதவீதம். இவை எதிலும் 'ரேடியாலஜிஸ்ட்' என்று தனி வரி இல்லை.

வித்தியாசம் முழுவதும் தனியார் துறையில்தான். எம்.டி. முடித்த கையோடு வேலைக்குப் போகும் ரேடியாலஜிஸ்டுக்கு மாதம் இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என்று கேள்விப்படுகிறேன். சிறிய ஊர்களில் ஆள் கிடைக்காததால் அதற்கு மேலும் தருகிறார்கள். அதே வயதுக் குழந்தை மருத்துவருக்கோ பொது மருத்துவருக்கோ ஒன்றரை லட்சம் கிடைத்தால் நல்ல இடம் என்பார்கள்.

ஏன் இப்படி? பல கோடி கொடுத்து ஒரு எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வாங்கி வைத்தவர் மாதந்தோறும் வங்கிக்குத் தவணை கட்டியாகவேண்டும். அறிக்கையில் கையெழுத்துப் போட மருத்துவர் இல்லையென்றால் இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே அந்தக் கையெழுத்துக்கு விலை. இன்னொரு காரணம், ரேடியாலஜிஸ்ட் தனக்கென்று நோயாளிகளைச் சேர்க்கவேண்டியதில்லை. குழந்தை மருத்துவர் ஒரு பேட்டையில் போர்டு மாட்டி, 'அந்த டாக்டர் கைராசிக்காரர்' என்று நாலு தாய்மார்கள் சொல்லும் வரை ஐந்தாறு வருடம் காத்திருப்பார். ரேடியாலஜிஸ்டுக்கு முதல் நாளே வேலை மேஜைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் ஓட்டம் நீளமானது. பொது மருத்துவம் படித்தவர் மேலும் மூன்றாண்டு டி.எம். படித்து இதய நிபுணரானால், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வயதில்தான் சம்பாதிக்கத் தொடங்குவார். நாற்பதைத் தாண்டியதும், பெயரெடுத்த இதய நிபுணரும் எலும்பு முறிவு நிபுணரும் சம்பளம் வாங்கும் ரேடியாலஜிஸ்டை எளிதாக முந்திவிடுகிறார்கள். சொந்த ஸ்கேன் சென்டர் வைத்தவர்தான் அவர்களோடு போட்டியிட முடியும். அங்கே ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. நோயாளியை அனுப்பும் மருத்துவருக்கு 'கட்' கொடுக்கும் வழக்கம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன. இருந்தும் பல ஊர்களில் நடக்கிறது. கட் கொடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்த என் மாணவர் ஒருவர் இரண்டே வருடத்தில் கடையை மூடிவிட்டுச் சம்பளத்துக்குப் போனார்.

பணம் கட்டிச் சேர நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் ரேடியாலஜி இடத்துக்கு மூன்றாண்டுக் கட்டணம் ஒரு கோடியைத் தாண்டுவது சாதாரணம். ஒரு கோடியைப் பத்து சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்குப் பத்து லட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 83,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும். இதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அரசு இடத்தில் படித்த குழந்தை மருத்துவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இராது. வீட்டை விற்றுச் சேர்க்கலாமா என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இனி வேலைப்பளு. "ஏ.சி. அறை, நைட் டியூட்டி கிடையாது, பெண் பிள்ளைக்கு ஏற்றது" என்று சொல்வார்கள். பாதி உண்மை. எங்களுக்கு வார்டு இல்லை. ஞாயிறு காலை ரவுண்ட்ஸ் இல்லை. நள்ளிரவில் பிரசவ வலி என்று யாரும் கதவைத் தட்டுவதில்லை. மகப்பேறு மருத்துவரின் வாழ்க்கையையோ, அறுவை நிபுணருக்கு முன்பே வந்து அவருக்குப் பிறகே போகும் மயக்க மருந்து நிபுணரின் வாழ்க்கையையோ பார்த்தவர்கள் இதைச் சொர்க்கம் என்பார்கள்.

ஆனால் இரவு இல்லை என்பது இப்போது உண்மையல்ல. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. பார்த்து ஒருவர் சொல்லியாகவேண்டும். அந்த ஒருவர் நாங்கள்தான். பயிற்சி மருத்துவர்களுக்கு எந்தத் துறையானாலும் இரவு உண்டு. வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசு 1992-லேயே விதி செய்தது. அந்த விதிப்படி நடக்கும் மருத்துவமனையைக் கண்டால் எனக்கும் காட்டுங்கள்.

பகலிலும் களைப்பு வேறு வகை. அந்தக் காலத்தில் ஒரு நோயாளிக்கு இரண்டு படம், நாலு படம். இன்று ஒரு வயிற்று சி.டி.யில் நூற்றுக்கணக்கான படங்கள். மருந்து செலுத்திப் பல கட்டங்களில் எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். நடுவில் போன் அடிக்கும், கதவைத் திறந்து ஒருவர், "சார், என் கேஸ் ஆச்சா?" என்பார். அந்த நொடியில் கண் தவறினால் தவறியதுதான். 1990-களில் ஒரு மாலை, அறுபதாவதோ எழுபதாவதோ மார்புப் படத்தில், காரை எலும்புக்குப் பின்னால் இருந்த சிறு கட்டியை நான் பார்க்காமல் விட்டேன். ஏழு மாதம் கழித்து அந்த நோயாளி மறுபடி வந்தார். பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் கட்டி அங்கேயே இருந்தது. மற்ற துறையில் தவறு பேச்சோடு போகும். எங்கள் தவறு தேதியோடு படத்தில் தங்கிவிடும்.

சட்டச் சுமையும் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தேவையானதே; இந்த வட மாநிலங்களில் வாழும் நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும்போது நிரப்பும் 'எஃப்' படிவத்தில் எழுத்துப் பிழை இருந்தாலும் வழக்கு வரலாம். அதைத் தளர்த்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் ஒருவர் அல்ட்ராசவுண்ட் பார்க்கவும் முடியாது.

கதிர்வீச்சுப் பயம் தேவையில்லை. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்-கதிரே இல்லை. மற்றவற்றில் எங்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் அளவைக் காட்டும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. அறிக்கை எழுதுபவர் அதன் பக்கத்திலேயே போகமாட்டார்.

கம்ப்யூட்டர் வந்து வேலையைப் பிடுங்கிவிடுமா? 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற பேரறிஞர் இனி ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதையே நிறுத்தலாம் என்றார். 2024-இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. இங்கேயோ இன்னும் ஆள் கிடைக்காமல் விளம்பரம் செய்கிறார்கள். நாளை எப்படியோ, ஜோசியம் எனக்கு வராது.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு நல்ல செய்தி. முதுநிலை மருத்துவத்தில் மாநிலவாசிகளுக்கென்று இட ஒதுக்கீடு செல்லாது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை மட்டும் இருக்கலாம். ஆகவே பட்டியல் போடும்போது ஊரைவிடக் கல்லூரியைப் பாருங்கள். எத்தனை இயந்திரங்கள், இரவில் யார் அறிக்கை எழுதுகிறார்கள், படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு பாண்டு என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அன்பரின் மகளுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. இப்போது காலையில் மட்டும் நான் போகும் ஸ்கேன் சென்டருக்கு ஒரு நாள் வரச்சொன்னேன். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு வயதுக் குழந்தையின் தலை ஸ்கேன் ஒன்று வந்தது. அறிக்கை எழுதி அனுப்பினேன். "அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டாள். பெரும்பாலும் தெரியாது என்றேன்.

அவள் குழந்தை மருத்துவத்தை முதலில் போட்டாள். சென்னையில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்தும்விட்டாள். அவள் தந்தை என்னைச் சங்கத்தில் பார்க்கும்போதெல்லாம் மாதத்துக்கு வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறார். மேலே எழுதிய தொகையைத்தான் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கிறார்.